கொதிகலனும் பதினோராம் வகுப்பும்

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் 'பருப்பொருளின் பண்புகள்' என்று ஓர் அலகு. அதை அடுத்து 'வெப்பமும் வெப்ப இயக்கவியலும்'. முதலாவதில் தகைவு, திரிபு, யங் குணகம், மீட்சி எல்லை. இரண்டாவதில் உள்ளுறை வெப்பம், வெப்ப இயந்திரம், கார்னோ சுற்று. இரண்டையும் கரைத்துக் குடித்து முழு மதிப்பெண் வாங்குகிற மாணவர்கூட, நீராவியை இரும்புக்குள் அடைத்தால் அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியைச் சந்திக்காமலே பள்ளியை விட்டுப் போய்விடலாம். முதல் அலகில் இரும்பு வெறும் கம்பியாகத் தொங்குகிறது. இரண்டாவதில் நீராவி வெறும் வரைபடமாக வளைகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கொதிகலன் நிற்கிறது. தொழிலில் இருப்பவர்கள் பாய்லர் என்பார்கள்.

நூறாண்டுக்கு மேலாக மனிதர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த இடம் அது. அந்த வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை உறுத்துகிறது. பாய்லர் வெடிப்பைத் தடுக்கத் தேவையான இயற்பியலில் பெரும்பகுதி, முதல் பெரிய வெடிப்புக்கு முன்பே மனிதர்களிடம் இருந்தது. மிச்சத்தில் பெரும்பகுதியும் முப்பது நாற்பது ஆண்டுகளில் கிடைத்துவிட்டது. சட்டம் வரத்தான் தலைமுறைகள் ஆயின. நடுவில் இருந்த காலம் முழுவதும், தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்திருப்பதில் சிலருக்கு ஆதாயம் இருந்தது.

1678இல் லண்டனில் ராபர்ட் ஹூக், சுருள்வில்லின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று அச்சிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டு வைத்திருந்தார், வேறு யாரும் தட்டிப் பறித்துவிடக் கூடாதே என்று. 1679இல் அதே லண்டனில் பிரெஞ்சுக்காரர் டெனி பப்பேன், இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில் நீரைக் காய்ச்சி எலும்பை மென்மையாக்கிக் காட்டினார். அந்தப் பாத்திரத்தில் வேகவைத்ததை ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு விருந்தாகவும் பரிமாறினார். மூடியில் ஒரு துளை, அதன்மேல் ஓர் அடைப்பான், அதை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், நெம்புகோலின் முனையில் எடைக்கல். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் கல் தூக்கிக்கொள்ளும், ஆவி வெளியேறும். சேஃப்டி வால்வு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். 1686இல், ஆசிரியர் இறந்த பிறகு வெளிவந்த நூல் ஒன்றில், பிரான்சின் எட்மே மாரியோட், தண்ணீர்க் குழாய்கள் ஏன் வெடிக்கின்றன என்று ஆராய்ந்து சொன்னார்: அழுத்தம் இருமடங்கானால் குழாயின் தடிமனும் இருமடங்காக வேண்டும், விட்டம் இருமடங்கானாலும் அப்படியே. வெர்சாய் அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுபோன காலத்து ஆராய்ச்சி அது.

எட்டு ஆண்டுகளுக்குள் மூன்றும். பொருள் எப்படி நீள்கிறது, அழுத்தத்தை எப்படி வடிப்பது, ஓடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும். நீராவி இயந்திரம் என்று சொல்லத்தக்க ஒன்று அப்போது பிறக்கவே இல்லை.

அது பிறந்தபோதும் முதலில் பெரிய ஆபத்தில்லை. 1712இல் நியூகாமனின் பொறியும், பின்னர் ஜேம்ஸ் வாட்டின் பொறியும் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான நீராவியில் ஓடின. ஆவியைக் குளிர்வித்து வெற்றிடமாக்கி, வெளிக்காற்றை வேலை செய்யவைப்பதுதான் அவற்றின் உத்தி. வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்தது. கார்ன்வாலைச் சேர்ந்த ரிச்சர்ட் டிரெவிதிக், ஆவியின் அழுத்தத்தையே நேராகப் பயன்படுத்தும் சிறிய, வலுவான பொறிகளைச் செய்தார். தண்டவாளத்தில் ஓடும் நீராவி வண்டி அதனால்தான் சாத்தியமானது.

1803 செப்டம்பரில் கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து நால்வர் இறந்தனர். பொறியைக் கவனிக்க வேண்டிய சிறுவன் விலாங்கு பிடிக்கப் போயிருந்தான் என்கிறது பதிவு. சேஃப்டி வால்வு திறக்க முடியாதபடி முடக்கப்பட்டிருந்தது. வார்ப்பிரும்பு ஓடு வேறு. நசுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் முன்னறிவிப்பில்லாமல் முறியும் உலோகம் அது. குறைந்த அழுத்தப் பொறிகளை விற்றுவந்த போல்டன்-வாட் நிறுவனத்துக்கு இந்தச் சாவுகள் விளம்பரமாகவே உதவின. டிரெவிதிக் செய்தது வேறு. அடுத்த பொறிகளில் இரண்டு வால்வு வைத்தார். நீர்மட்டம் இறங்கி ஓடு சூடேறினால் உருகி ஆவியை வெளியேவிடும் ஈய அடைப்பு ஒன்றையும் சேர்த்தார். விபத்துக்கு ஓர் ஆண்டுக்குள் மருந்தும் கிடைத்துவிட்டது. அதை எல்லோரும் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பதினோராம் வகுப்பு மாணவருக்குத் தாளும் பென்சிலும் போதும். உருளை வடிவப் பாய்லரை நீளவாக்கில் இரண்டாக வகுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு பாதிகளையும் பிரித்துத் தள்ளும் விசை, அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் வரும். பிரியாமல் பிடித்திருப்பது இரண்டு ஓரங்களில் உள்ள தகடு. ஆகவே தகட்டின் தகைவு என்பது அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இருமடங்கால் வகுத்தது. இனி உருளையைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். மூடியைத் தள்ளும் விசையை முழு வட்ட விளிம்பும் பகிர்ந்துகொள்கிறது. தகைவு முன்னதில் பாதிதான். அதனால்தான் தகடுகளை இணைத்து நீளவாக்கில் ஓடும் தையலே பாய்லரின் உயிர்நிலை. வெடித்த உருளைப் பாய்லர்களில் பல நீளவாக்கில் வாய் பிளந்து கிடந்ததற்கும் இதுவே காரணம். நீர்த்துளிக்குள்ளும் சோப்புக் குமிழிக்குள்ளும் இருக்கும் மிகை அழுத்தத்தைத் தருவிக்க நம் மாணவர்கள் இதே போன்ற ஒரு வெட்டுக்கணக்கைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். குமிழிக்குப் பதில் ஒரு பாய்லரை வரைந்திருந்தால் கூடுதலாக ஒரு பக்கம் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

எண்களைப் போட்டால் இன்னும் உறைக்கும். விட்டம் 1.2 மீட்டர், தகடு 10 மில்லிமீட்டர், அழுத்தம் 10 பார். தகைவு 60 மெகாபாஸ்கல். அக்காலத்துத் தேனிரும்புத் தகடு சுமார் 300 மெகாபாஸ்கலில் அறும். ஐந்து மடங்கு பத்திரம் என்று தோன்றும். ஆனால் தகடுகளை ரிவிட் அடித்துத்தான் இணைத்தார்கள்; ரிவிட்டுக்குத் துளை போட்டாலே தகடு மெலிந்துவிடுகிறது. மான்செஸ்டரின் வில்லியம் ஃபேர்பேர்ன் 1830களின் இறுதியில் சோதித்துச் சொன்ன விகிதம் இது: முழுத் தகட்டின் வலு 100 என்றால், இரட்டை வரிசை ரிவிட் தையலின் வலு 70, ஒற்றை வரிசையின் வலு 56. ஐந்து மடங்கு மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது. நீர் அரித்துத் தகடு பாதியானால் ஒன்றரைக்கும் கீழே. அப்போது வால்வின்மேல் ஒருவர் ஒரு கல்லைக் கூடுதலாக வைத்தாலே போதும்.

பாய்லர் கிழிந்தால் ஏன் ஊரே அதிர்கிறது என்பதற்கு வெப்பப் பாடம் வேண்டும். 10 பார் அழுத்தத்தில் நீர் கொதிப்பது ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில். ஓடு கிழிந்த கணத்தில் அழுத்தம் விழுகிறது. 180 டிகிரி நீர் இனி நீராக இருக்க முடியாது, 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சும் வெப்பம் உள்ளுறை வெப்பமாகி, நீரின் நிறையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை அந்த நொடியிலேயே ஆவியாக்குகிறது. ஒரு கிலோ நீரிலிருந்து சுமார் 250 லிட்டர் ஆவி. பாய்லரில் நீர் டன் கணக்கில் இருக்கும். ஆக, வீட்டைப் பெயர்ப்பது பாய்லரின் மேற்பகுதியில் ஏற்கனவே நின்ற நீராவி மட்டுமே என்று நினைப்பது தவறு. கீழே சாதுவாகக் கிடந்த வெந்நீர்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. உள்ளுறை வெப்பத்தை ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்திலேயே கிளாஸ்கோவில் அளந்துவிட்டார். வெந்நீரின் இந்தப் பங்கை 1860இல் ஸெரா கோல்பர்ன் என்ற பொறியாளர் பாய்லர் வெடிப்புக்குப் பொருத்தித் தெளிவாக எழுதினார். அளவீட்டுக்கும் பொருத்தலுக்கும் நடுவே நூறு ஆண்டு.

அந்த நூறு ஆண்டில் சொல்லப்பட்ட விளக்கங்கள் சுவையானவை. பாய்லரின் சூடான இரும்பு நீரைப் பிரித்து ஹைட்ரஜனை உண்டாக்குகிறது, அதுதான் வெடிக்கிறது என்றார்கள். மின்சாரம் என்றார்கள். பழுக்கக் காய்ந்த தகட்டில் நீர் உருண்டு நின்று திடீரென்று ஆவியாகிறது என்றார்கள். எதுவும் பிடிபடாதபோது கடவுள் செயல். இவற்றில் சில நேர்மையான ஊகங்கள், மறுப்பதற்கில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வசதி இருந்தது. வெடிப்பு ஒரு புதிர் என்றால் தகட்டின் தடிமனை யாரும் அளக்க வேண்டியதில்லை. புதிர் எடுபடாத இடத்தில், பாய்லரின் தீயைக் கவனிக்கும் ஃபயர்மேன் தண்ணீர் விட மறந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். ஃபயர்மேன் பெரும்பாலும் செத்துப்போயிருப்பார்.

மிசிசிப்பி ஆற்றுப் படகுகள் இந்த வசதியில்தான் ஓடின. ஆழமில்லாத ஆறு, இலேசான படகு, உயர் அழுத்தப் பொறி, முந்திப் போகிறவனுக்கே சரக்கு. வெடிப்புகள் பெருகவே 1830இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் ஒரு குழு அமைத்தது. அமெரிக்கக் கருவூலம் சோதனைகளுக்குப் பணம் கொடுத்தது. அந்நாட்டின் நடுவண் அரசு ஓர் அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுத்த முதல் மானியம் அது என்பார்கள். குழுவினர் பேச்சை நிறுத்திவிட்டுப் பாய்லர்களை வெடிக்கவைத்தார்கள். சிறு உருளைகளில் அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். எந்த மர்மமும் இல்லாமல், அழுத்தம் வலுவை மிஞ்சியதும் அவை பயங்கரமாக வெடித்தன. பழுக்கக் காய்ந்த இரும்பில் நீரைத் தெளித்துப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் கதை கதையாகவே போயிற்று. சூட்டில் இரும்பின் வலு எப்படிச் சரிகிறது என்று அளந்தார்கள். 1836இல் அறிக்கை வந்தது. என்ன சட்டம் வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள்.

1838இல் வந்த சட்டம் பல் இல்லாத சட்டம். என்ன சோதனை செய்ய வேண்டும் என்றே அது சொல்லவில்லை. நீரழுத்தச் சோதனை, தகுதியுள்ள ஆய்வாளர், பொறியாளருக்கு உரிமம் என்று உருப்படியான சட்டம் 1852இல் வந்தது. அறிக்கைக்கும் அதற்கும் நடுவே பதினாறு ஆண்டு. சொந்தக்காரரின் சொத்துக்குள் அரசு நுழையலாமா, தன் பாய்லரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கே அக்கறை இருக்காதா என்ற வாதம் அந்த ஆண்டுகளைத் தின்றது. இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பாய்லர் போனால் சொந்தக்காரருக்குப் போவது பணம். பக்கத்தில் நிற்பவருக்குப் போவது வேறு.

சட்டம் இருந்தும் போதவில்லை என்பதற்கு 'சுல்தானா' சாட்சி. 1865 ஏப்ரல் 27 அதிகாலை, மெம்பிஸ் நகருக்குச் சற்று வடக்கே அந்தப் படகின் பாய்லர்கள் வெடித்தன. 376 பேர் ஏறலாம் என்று அனுமதி பெற்ற படகில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். பெரும்பாலோர் உள்நாட்டுப் போரில் எதிரிச் சிறைகளிலிருந்து விடுபட்டு, எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய வீரர்கள். படையினரை ஏற்றிச் செல்லத் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது, அதனால் திணித்தார்கள். 1,100 பேருக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நேரம், செய்தித்தாள்களில் இதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை.

நம் கணக்குக்குத் தேவையானது வேறொன்று. வழியில் விக்ஸ்பர்க்கில் பாய்லர் ஒன்றில் ஒழுகல் கண்டது. உப்பியிருந்த தகட்டை முழுமையாக மாற்ற நாள் ஆகும். ஆகிற நாளில் இந்தப் பயணிகளை வேறு படகு கொண்டுபோய்விடும். ஒட்டுப் போட்டுக் கிளம்பினார்கள். ஒட்டுத் தகடு கால் அங்குலம், பழைய தகடு அதைவிடத் தடிமன். மாரியோட் சொன்னபடி, தடிமன் குறைந்த விகிதத்தில் அழுத்தத்தையும் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. வெடிப்புக்கு அந்த ஒட்டு மட்டுமே காரணமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்தப் பாய்லர் வகையே சேறு கலந்த ஆற்றுநீருக்கு ஒவ்வாதது என்பதும் உண்மை. ஆனால் ஓர் எளிய வகுத்தல் கணக்கை யாரும் போடவில்லை என்பதில் ஐயமில்லை. கடைசிவரை யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. ஓர் அதிகாரிமேல் வந்த தீர்ப்பும் பிறகு தள்ளுபடியானது.

பிரான்சு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1823லேயே உயர் அழுத்தப் பாய்லர்களுக்கு அரசாணை வந்துவிட்டது. இயங்கும் அழுத்தத்தைவிடப் பலமடங்கு ஏற்றிச் சோதித்த பிறகே அனுமதி, உருகும் அடைப்பு கட்டாயம். நீராவியின் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு தெரியாமல் உருகும் அடைப்பை எந்த உலோகத்தில் வார்ப்பது? எனவே அந்நாட்டு அறிவியல் கழகம் துலோங், அராகோ என்ற அறிவியலாளர்கள் இருவரிடமும் வேலையை ஒப்படைத்தது. பாரிசில் ஒரு பழைய கோபுரத்துக்குள் நெடிய பாதரசத் தூணை நிறுத்தி 24 வளிமண்டல அழுத்தம்வரை அவர்கள் அளந்தார்கள். பின்னர் ரெனோ என்ற அறிவியலாளர் இன்னும் துல்லியமாக அளந்து 1847இல் வெளியிட்ட அட்டவணைகள் வெப்ப இயக்கவியலுக்கே அடித்தளமாயின. இன்று மாணவர்கள் பார்க்கும் நீராவி அட்டவணையின் வேர் ஒரு பாதுகாப்பு அரசாணையில் இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

இங்கிலாந்து தன் போக்கில் நடந்தது. 1817இல் நாரிச்சில் ஒரு நீராவிப் படகு வெடித்ததும் நாடாளுமன்றக் குழு கூடி, பாய்லரை வார்ப்பிரும்பில் செய்யாதீர்கள், இரண்டு வால்வு வையுங்கள், அவற்றில் ஒன்று ஊழியர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. சட்டமாகவில்லை. 1854இல் ஃபேர்பேர்ன் முதலியோர் மான்செஸ்டரில் சங்கம் அமைத்து, விரும்பிச் சேர்ந்த ஆலைகளின் பாய்லர்களைத் தாங்களே ஆய்வு செய்தார்கள். உள்ளே தீ எரியும் நீண்ட குழல், வெளி ஓட்டைப்போலவே வலுவாக இருக்கும் என்ற நம்பிக்கையை 1858இல் ஃபேர்பேர்ன் உடைத்தார். வெளியிலிருந்து அமுக்கப்படும் குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிதில் நெளிந்து ஒடுங்கும். இடையிடையே வளையம் போட்டால் தாங்கும். நல்ல இயற்பியல், மலிவான தீர்வு. ஆனால் சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஏற்கனவே கவனமாக இருந்தவர்கள். சேராதவர்களின் பாய்லர்களே வெடித்துக்கொண்டிருந்தன. 1882இல் வந்த சட்டமும் வெடித்த பிறகு விசாரிக்கத்தான். வெடிக்குமுன் பார்க்க அல்ல. ஆலைகளில் குறித்த கால இடைவெளியில் ஆய்வு கட்டாயம் என்று 1901 தொழிற்சாலைச் சட்டம்தான் சொன்னது. கிரீனிச்சுக்கும் அதற்கும் இடையே 98 ஆண்டு.

எல்லாம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லிக்கொண்டே போனால் அது நியாயமாகாது. தெரியாததும் இருந்தது. 1905 மார்ச் 20 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்துக் கூரையைத் துளைத்துப் பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்து 58 பேர் இறந்தார்கள். அங்கே வால்வைக் கட்டிவைத்ததாகவோ நீர் வற்றியதாகவோ குற்றம் இல்லை. கோளாறு தையலில். ஒரு தகட்டின் விளிம்பை இன்னொன்றின்மேல் ஏற்றி ரிவிட் அடிக்கும் லேப் தையலில் உருளை முழு வட்டமாக இருக்காது. தையலருகே சற்றுத் தட்டையாக இருக்கும். அழுத்தம் ஏறும்போதெல்லாம் ஓடு வட்டமாக முயல்கிறது, தையல் வளைகிறது. இறங்கும்போது திரும்புகிறது. தினமும், ஆண்டுக்கணக்கில். முறியும் தகைவுக்கு வெகு கீழேயே, மேல் தகட்டின் மறைவில், ஆய்வாளரின் கண்ணும் சுத்தியலும் எட்டாத இடத்தில் விரிசல் வளர்கிறது.

உலோகம் இப்படிச் சோர்ந்து முறியும் என்பதை ஆகஸ்ட் வோலர் 1850, 60களிலேயே பிரஷ்ய ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி நிறுவியிருந்தார். அச்சிலிருந்து பாய்லருக்கு அந்த அறிவு வந்துசேரத்தான் தாமதம். ஹூக்கின் விதி மட்டும் படித்தவருக்கு இது பிடிபடாது. மீட்சி எல்லைக்குள் இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆகவே பத்திரம் என்றுதான் வகுப்பறை நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஒருமுறை வளைத்தால் திரும்பும்; பத்து லட்சம் முறை வளைத்தால் திரும்பாது. பிராக்டனுக்குப் பிறகு மாசசூசெட்ஸ் 1907இல் பாய்லர் விதிகளுக்கென்று ஒரு வாரியம் அமைத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1915இல் வெளியிட்ட பாய்லர் நெறிமுறை அதன் வழிவந்தது. பெரிய பாய்லர்களில் நீளவாக்கில் லேப் தையல் போடும் வழக்கம் அத்தோடு முடிந்தது.

இந்தியாவின் கதை இதே பாட்டை. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகு, 1864இல் வங்காளத்தில் பாய்லர் ஆய்வுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் எதிர்த்து நின்ற கட்டாய ஆய்வு, இங்கிலாந்தின் காலனியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முந்தி வந்துவிட்டது, வரலாற்றின் குறும்பு. மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறுபட்டதால் 1923இல் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் பொதுவாக்கப்பட்டது. பதிவு எண்ணைப் பாய்லரிலேயே நிலையாகப் பொறிக்க வேண்டும், சான்றிதழ் காலாவதியானால் ஓட்டக் கூடாது, சேஃப்டி வால்வைச் செயலிழக்கச் செய்தால் தண்டனை. கிரீனிச்சின் விலாங்குச் சிறுவன் அந்த ஒரு பிரிவில் ஒளிந்திருக்கிறான். நூறாண்டு ஓடிய அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. உயிருக்கு உலைவைக்கும் குற்றங்களுக்குச் சிறைத்தண்டனையைத் தக்கவைத்து, சிறு குற்றங்களை அபராதத்தோடு முடித்துக்கொள்கிறது. அரசு ஆய்வாளரோடு தனியார் தகுதியாளர்களும் ஆய்வு செய்யலாம் என்ற வழி 2007 திருத்தத்திலேயே திறந்துவிட்டது.

தொழிலை எளிதாக்குவதில் எனக்கு விரோதமில்லை. ஆய்வாளர் வரவுக்காக ஆலை வாரக்கணக்கில் நிற்பதும் நட்டம்தான். ஆனால் சொந்தக்காரருக்கே அக்கறை இருக்காதா என்ற 1838ஆம் ஆண்டு வாதம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும்போது அடையாளம் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் பாய்லர் எங்கோ தொலைவில் இருக்கும் பொருள் அல்ல. நெல் அவிக்கும் அரிசி ஆலையில் இருக்கிறது, சாயப்பட்டறையில் இருக்கிறது, சர்க்கரை ஆலையில், பெரிய மருத்துவமனைச் சலவையகத்தில் இருக்கிறது. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தின் கொதிகலன் பகுதியில் நேர்ந்த விபத்துகளில் பத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். மாபெரும் மின்நிலைய உலைகளின் சிக்கல் தனிவகை, தையல் பிளவோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அருகே நின்றவர்கள் தொழிலாளர்கள்.

அந்தத் தொழிலாளர்களில் பலர் பதினோராம் வகுப்பைத் தாண்டியவர்கள். தகைவு என்றால் ஓரலகு பரப்பில் செயல்படும் விசை என்று ஒருகாலத்தில் எழுதியவர்கள். தங்கள் பாய்லரின் தகட்டில் அது எவ்வளவு என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆழமில்லாத பாடம் என்பதல்ல என் குறை. பாடத்திட்டம் போதுமான அளவு கனமாகவே இருக்கிறது. கம்பியில் எடையைத் தொங்கவிட்டு யங் குணகம் காணும் சோதனையோடு, ஒரு பாய்லர் தகட்டின் தடிமன் கணக்கும் சேரட்டும். உள்ளுறை வெப்பத்துக்குப் பனிக்கட்டியை மட்டும் உருக்காமல், 180 டிகிரி நீரை ஒரு கணக்கிலாவது திறந்துவிடட்டும். உலோகச் சோர்வுக்கு அரைப்பக்கம் ஒதுக்கட்டும். வீட்டிலிருக்கும் குக்கரைக் கொண்டுவரச் சொன்னாலே ஒரு வகுப்பு நடத்தலாம். விசில் போடும் வெயிட் பப்பேனுடையது; விசில் துளையைப் பருப்புத்தோல் அடைத்தால் உருகி வழிவிடும் அந்தச் சிறு சேஃப்டி வால்வு டிரெவிதிக்குடையது.

பாடத்திட்டக் குழு இதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ஆசிரியர்களுக்கு இல்லை. மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் பாய்லர் வைத்த ஆலை இருந்தால், உங்கள் வீட்டில் யாராவது அதில் வேலை செய்தால், மூன்று கேள்வி கேளுங்கள். பாய்லர் ஓட்டில் பதிவு எண் பொறித்திருக்கிறதா? சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும்? சேஃப்டி வால்வு கடைசியாக எப்போது தானாகத் திறந்தது?